உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து செல் சவ்வைக் கடப்பது எப்படி?

மேல்நிலைப் பள்ளி உயிரியலில் உயிர் மூலக்கூறுகள் ஒரு பாடமாகவும், செல் சவ்வின் வழியே நடைபெறும் கடத்தல் வேறொரு பாடமாகவும் வைக்கப்படுகின்றன. முதல் பாடத்தில் கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் ஆகிய நான்கின் அமைப்பை மாணவர்கள் படிக்கிறார்கள். மற்றதில் பரவல், சவ்வூடு பரவல், ஆற்றல் சார்ந்த கடத்தல் ஆகியவற்றின் வரையறைகளைப் படிக்கிறார்கள். இரண்டையும் தொடர்புபடுத்தாமலே படித்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட முடியும். ஆனால் ஒரு பொருள் செல்லுக்குள் எந்த வழியாக நுழையும், அதற்கு ஆற்றல் செலவாகுமா, எவ்வளவு விரைவாக நுழையும் என்பவை எல்லாம் அந்தப் பொருளின் மூலக்கூறு அமைப்பும் சவ்வை ஆக்கியுள்ள மூலக்கூறுகளின் அமைப்பும் சேர்ந்து முடிவு செய்பவை. முதல் பாடத்தின் விளைவுதான் இரண்டாம் பாடம் என்று சொன்னால் மிகையாகாது. இதைப் புரிந்துகொள்ள, மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்கில் குடிக்கக் கொடுக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் பொட்டலத்தில், ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் ஆகியவை உள்ளன. வயிற்றுப்போக்கில் உப்பும் நீரும் வெளியேறுகின்றன என்பதால் அவற்றை ஈடுசெய்ய உப்பும் நீரும் கொடுப்பது எவருக்கும் விளங்கும். குளுக்கோஸ் எதற்கு? நோயாளிக்குத் தெம்பு வருவதற்காக என்றே பலர் கருதுகிறார்கள். 13.5 கிராம் குளுக்கோஸிலிருந்து கிடைக்கும் ஆற்றல் சுமார் 50 கிலோ கலோரி மட்டுமே. அது ஓர் இட்லிக்கு மேல் பெரிதாகத் தேறாது. குளுக்கோஸ் அங்கே வேறொரு வேலைக்காக வைக்கப்பட்டிருக்கிறது. அது இல்லையென்றால், கடும் வயிற்றுப்போக்கில் குடிக்கும் உப்புநீரின் பெரும்பகுதி உடலில் சேராமல் குடல் வழியே வெளியே போய்விடும்.

காரணம் சவ்வின் கட்டமைப்பில் இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டரும் கிரெண்டலும் 1925இல் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பின் மேல் ஒரு மூலக்கூறு தடிமனில் பரப்பிப் பார்த்தபோது, அது அந்தச் செல்களின் மொத்தப் புறப்பரப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இடத்தை நிரப்பியது. செல்லைச் சுற்றிக் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அமைந்துள்ளன என்ற முடிவுக்கு அவர்கள் அதிலிருந்து வந்தார்கள். சவ்வின் முக்கியக் கொழுப்பான பாஸ்போலிப்பிடு மூலக்கூறின் பாஸ்பேட் உள்ள தலைப்பகுதி நீரோடு சேரும். நீண்ட கொழுப்பு அமில வால்கள் நீரை விலக்கும். நீர்ச்சூழலில் இட்டால் எவரும் அடுக்காமலே வால்கள் உள்நோக்கியும் தலைகள் வெளிநோக்கியும் திரும்பி, இரட்டை அடுக்காகத் தாமே ஒழுங்குபடுகின்றன. அதன் நடுவே ஏறக்குறைய 3 நானோமீட்டர் தடிமனுக்கு எண்ணெய்த் தன்மையுள்ள பகுதி அமைகிறது. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சிறிய, மின்சுமையற்ற மூலக்கூறுகள் அதில் எளிதாகக் கரைந்து மறுபுறம் போய்விடும். சோடியம் அயனி அளவில் மிகச் சிறியது என்றாலும் அதனால் போக முடியாது. மின்சுமையுள்ள அந்த அயனியை நீர் மூலக்கூறுகள் இறுக்கமாகச் சூழ்ந்திருக்கின்றன, அவற்றை உதறிவிட்டு எண்ணெய்ப் பகுதிக்குள் நுழைவதற்கு மிகப்பெரும் ஆற்றல் வேண்டும். குளுக்கோஸுக்கு மின்சுமை இல்லை. ஆனால் அதன் ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரோடு ஹைட்ரஜன் பிணைப்புகளை ஏற்படுத்திக்கொள்வதால் அதுவும் வெளியிலேயே நின்றுவிடுகிறது. ஆக, பொட்டலத்திலுள்ள எந்தப் பொருளும் கொழுப்பு அடுக்கைத் தானாகக் கடக்கக்கூடியதன்று.

அவற்றைக் கடத்துபவை சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள். ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையில் நீரை விலக்கும் அமினோ அமிலங்கள் ஏறத்தாழ இருபது தொடர்ச்சியாக வந்தால், அந்தத் துண்டு சுருள் வடிவம் கொண்டு சவ்வின் எண்ணெய்ப் பகுதியில் பொருந்தி அமரும். இத்தகைய சுருள்கள் பல சேர்ந்து நடுவில் நீர்விரும்பும் பாதை ஒன்றை அமைக்கின்றன. சில புரதங்கள் திறந்து மூடும் கால்வாய்கள். அவற்றில் அயனிகள் விரைந்து ஓடும். சில, கடத்த வேண்டிய மூலக்கூற்றைப் பிடித்துத் தம் வடிவத்தை மாற்றி மறுபுறம் விடுவிப்பவை. இவற்றைக் கடத்திப் புரதங்கள் என்கிறோம். நீருக்கென்றே தனிக் கால்வாய் இருப்பதைப் பீட்டர் ஆக்ரேவின் குழு 1992இல் உறுதிசெய்தது. அக்வாபோரின் என்ற அந்தப் புரதத்தைத் தவளையின் முட்டைச் செல்லில் உருவாகச் செய்து, செறிவு குறைந்த நீரில் போட்டபோது அது விரைவில் வீங்கி வெடித்தது. அந்தப் புரதம் இல்லாத முட்டை அப்படியே இருந்தது. ஒரு கால்வாயில் விநாடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் செல்ல முடியும். ஆயினும் நீரை எங்கும் இறைத்து அனுப்பும் பம்பு எதுவும் செல்லில் இல்லை. கரைபொருள் எங்கே மிகுதியோ அங்கே நீர் போகும், அவ்வளவுதான். எனவே குடலிலிருந்து இரத்தத்துக்கு நீரைக் கொண்டுவர வேண்டுமானால் முதலில் கரைபொருளைக் கொண்டுவர வேண்டும். சிக்கல் இங்கேதான் சோடியத்தின் மேல் வந்து நிற்கிறது.

குடலின் உட்பரப்பிலுள்ள உறிஞ்சும் செல்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் குடலின் உட்குழியை நோக்கிய ஒரு முகமும் இரத்தக் குழாயை நோக்கிய மறு முகமும் உண்டு. இரண்டு முகங்களிலும் வெவ்வேறு புரதங்கள் பதிந்துள்ளன என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. இரத்தத்தை நோக்கிய முகத்தில் சோடியம்–பொட்டாசியம் பம்பு இருக்கிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ நண்டின் நரம்புகளில் ஆய்வு செய்து 1957இல் வெளியிட்ட இந்த நொதிக்காக 1997இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். செல்லுக்கு ஆற்றல் வழங்கும் ஏடிபி மூலக்கூறு ஒன்று உடையும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு அது 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்கிறது. இந்த வேலை இடைவிடாமல் நடப்பதால், செல்லுக்கு வெளியே லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் அளவில் இருக்கும் சோடியம் உள்ளே 10 முதல் 15 மில்லிமோல் அளவிலேயே நிற்கிறது. உட்புறம் எதிர்மின் தன்மையும் பெறுகிறது. செறிவு வேறுபாடு, மின் வேறுபாடு இரண்டுமே சோடியத்தை உள்நோக்கித் தள்ளுகின்றன. வழி கிடைத்தால் அது பாய்ந்து வரும்.

வழியைக் கொடுப்பது குடலை நோக்கிய முகத்திலுள்ள எஸ்ஜிஎல்டி1 என்ற கடத்திப் புரதம். இது சோடியத்தை மட்டும் தனியே விடாது, குளுக்கோஸை மட்டும் தனியே கொண்டுவராது. குடல் பக்கம் திறந்திருக்கும்போது 2 சோடியம் அயனிகள் முதலில் அமர்கின்றன. அவை அமர்ந்த பிறகே குளுக்கோஸ் பொருந்துவதற்கான இடம் சரியான வடிவம் பெறுகிறது. குளுக்கோஸும் அமர்ந்ததும் புரதம் குடல் பக்கம் மூடி உட்பக்கம் திறக்கிறது. உள்ளே சோடியம் குறைவு என்பதால் அது விடுபட்டுப் போக, குளுக்கோஸும் விடுபடுகிறது. பம்பு மோட்டார் மின்சாரத்தைச் செலவிட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வைக்க, கீழே பாயும் தொட்டி நீரின் விசையில் வேறொரு சக்கரம் சுழல்வதைப் போன்றது இது: ஏடிபியைச் செலவிடுவது ஒரு புரதம், அதன் பயனைக் கொண்டு குளுக்கோஸை இழுப்பது மற்றொரு புரதம். அதனால்தான் இதை இரண்டாம் நிலை ஆற்றல் சார்ந்த கடத்தல் என்கிறார்கள். குடலில் குளுக்கோஸின் அளவு செல்லினுள் உள்ளதைவிடக் குறைந்த பிறகும் எஞ்சியதையெல்லாம் உறிஞ்சி எடுக்க முடிவது இந்த இணைப்பால்தான். உள்ளே சேர்ந்த குளுக்கோஸ், மறு முகத்திலுள்ள குளூட்2 என்ற கடத்தியின் வழியே, இம்முறை ஆற்றல் செலவின்றி, செறிவு குறைந்த இரத்தப் பக்கம் போய்விடுகிறது. சோடியத்தைப் பம்பு வெளியே தள்ளுகிறது. இரண்டும் சென்று சேர்ந்த இடத்தில் கரைபொருள் மிகுவதால் நீர் தொடர்கிறது. செல்களின் ஊடாக எவ்வளவு, செல்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இணைப்புகளின் வழியாக எவ்வளவு என்பது பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் உண்டு.

சோடியமும் குளுக்கோஸும் இணைந்தே நுழைகின்றன என்ற கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960 ஆகஸ்டில் பிராகில் நடந்த ஒரு கருத்தரங்கில் முன்வைத்தார். கிரேன் கேட்டது ஓர் அடிப்படை அறிவியல் கேள்வி: செறிவு வேறுபாட்டுக்கு எதிராகச் சர்க்கரை எப்படி ஏறுகிறது? அந்தக் கேள்விக்கும் காலராவுக்கும் உள்ள உறவு சில ஆண்டுகளிலேயே தெளிவாயிற்று.

ஒரு நாளில் நம் சிறுகுடலுக்குள் ஏறத்தாழ 8 முதல் 9 லிட்டர் நீர்மம் வருகிறது. அதில் நாம் உண்டு குடிப்பது 2 லிட்டர் அளவே. மற்றது உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று உடலே சுரப்பது. கிட்டத்தட்ட அனைத்தும் திரும்ப உறிஞ்சப்பட்டு, மலத்தில் 100 முதல் 200 மில்லி லிட்டர் மட்டுமே போகிறது. இந்தச் சமநிலையைக் காலரா குலைக்கிறது. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீர் இழப்பு ஏற்படலாம். காலரா கிருமி குடற்சுவரைத் துளைத்து அழிப்பதில்லை. அது ஒரு நச்சுப் புரதத்தைச் சுரக்கிறது. அப்படியொரு நச்சு இருப்பதை 1959இல் நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. கிருமிகளை வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீர்மத்தை மட்டும் முயலின் குடலில் செலுத்தி, அது குடலில் நீரை நிரப்புவதை அவர் காட்டினார். மிக எளிய கருவிகளைக் கொண்டு செய்யப்பட்ட இந்த ஆய்வுக்கு அவருடைய வாழ்நாளில் கிடைத்த மதிப்பு மிகக் குறைவு என்பது இந்திய அறிவியலின் பெரும் குறை.

இந்த நச்சு செயல்படும் விதத்தில் உயிர் மூலக்கூறுகளின் எல்லா வகைகளும் வந்துவிடுகின்றன. அதன் ஐந்து துணைப் புரதங்கள், குடல் செல்லின் சவ்விலுள்ள ஜிஎம்1 என்ற மூலக்கூற்றைப் பற்றிக்கொள்கின்றன. இது கொழுப்பு வாலும் சர்க்கரைத் தலையும் கொண்டது. பற்றிக்கொண்ட நச்சைச் சவ்வு உட்குழிந்து விழுங்குகிறது; பாடநூலில் செல் விழுங்கல் என்று கடைசியில் வரும் பகுதி இது. உள்ளே போன செயல்படு பகுதி, செல்லின் சமிக்ஞைப் புரதம் ஒன்றை நிரந்தரமாக இயங்கும் நிலையில் நிறுத்திவிடுகிறது. அதனால் ஏடிபியிலிருந்து சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி கடத்தும் மூலக்கூறு அளவின்றி உருவாகிறது. இவை இரண்டும் நியூக்ளிக் அமிலங்களை ஆக்கும் நியூக்ளியோடைடு குடும்பத்தைச் சேர்ந்தவை. சைக்ளிக் ஏஎம்பி மிகுந்ததும் குடலை நோக்கிய முகத்தில் குளோரைடு கால்வாய்கள் திறந்தே கிடக்கின்றன. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் நீரும் பின்தொடர்கின்றன. வழக்கமாகச் சோடியம் குளோரைடை உறிஞ்சும் வழியும் அடைபடுகிறது. உப்புநீர் மட்டும் குடித்தால் பயனில்லாமல் போவது இதனால்தான்.

ஆனால் எஸ்ஜிஎல்டி1 இந்த நச்சால் பாதிக்கப்படுவதில்லை. ஒரு வழி அடைபட்டாலும், குளுக்கோஸ் இருந்தால் சோடியம் நுழைவதற்கு மற்றொரு வழி முழுமையாக வேலை செய்கிறது. டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் 1968இல் டாக்காவில், காலரா நோயாளிகளுக்கு வாய்வழிக் கரைசல் கொடுத்து நரம்பு வழி நீர்மத்தின் தேவையைப் பெருமளவு குறைக்க முடியும் என்று காட்டினார்கள். ஆய்வுச் சூழலுக்கு வெளியே, பெருந்துயரின் நடுவே இது மெய்ப்பிக்கப்பட்டது 1971இல். வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவ, மேற்கு வங்கத்தின் பங்காவ் மருத்துவமனையில் நரம்பு வழி நீர்மம் தீரும் நிலை வந்தது. மருத்துவர் திலீப் மகாலனபிஸ், ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் பொட்டலங்கள் கட்டச் செய்து, கரைசலைப் பெரிய பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் செய்தார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. செவிலியர்களும் அல்லாத, தாயும் தமக்கையுமாக இருந்த எளிய மனிதர்கள் இதைச் செய்தார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். 2022இல் மறைந்த அவருக்கு அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

அளவு பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சவ்வூடு பரவல் என்ற பாடம் உயிர்காக்கும் பாடமாவது இந்த இடத்தில்தான். குளுக்கோஸ் நல்லது என்றால் கூடுதலாகச் சேர்த்தால் இன்னும் நல்லதல்லவா என்று தோன்றலாம். கடத்திப் புரதங்களின் எண்ணிக்கை வரம்புக்குட்பட்டது, அவை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மேற்பட்ட சர்க்கரை குடலிலேயே தங்கும், தங்கிய சர்க்கரை உடலிலிருந்து நீரைக் குடலுக்கு இழுக்கும், வயிற்றுப்போக்கு முற்றும். பழைய ஓ.ஆர்.எஸ்.ஸில் கரைந்திருந்த துகள்களின் மொத்தச் செறிவு லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோல்; இரத்தத்தின் செறிவு ஏறக்குறைய 290. 2002இல் இது 245 ஆகக் குறைக்கப்பட்டது. சோடியமும் குளுக்கோஸும் இரண்டும் 75 மில்லிமோல் என்று சம அளவில் வைக்கப்பட்டன. குழந்தைகளுக்கு நரம்பு வழி நீர்மம் ஏற்ற வேண்டிய தேவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை ஆய்வுகள் காட்டின. வீட்டிலுள்ள சர்க்கரையைப் பயன்படுத்தும்போது கணக்கு வேறு. அது சுக்ரோஸ், குடல் செல்களின் மேற்பரப்பிலுள்ள நொதி அதை ஒரு குளுக்கோஸாகவும் ஒரு ஃப்ரக்டோஸாகவும் பிரிக்கிறது. சோடியத்தோடு சேர்ந்து போவது குளுக்கோஸ் மட்டுமே. ஆகவே ஒரு லிட்டர் நீருக்கு தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று சர்க்கரையின் அளவு எடையில் கூடுதலாக வருகிறது.

குளிர்பானங்களும் புட்டியில் அடைத்த பழச்சாறுகளும் வயிற்றுப்போக்குக்கு ஆகாதவை என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கணக்கினால்தான்: சர்க்கரை பல மடங்கு, சோடியமோ மிகக் குறைவு. இவற்றுள் சில தம் பெயரிலேயே ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைச் சேர்த்து மருந்துக் கடைகளில் விற்கப்பட்டு வந்தன. குழந்தை நல மருத்துவர்களின் நெடிய முயற்சிக்குப் பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதற்குத் தடை விதித்தது. பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருக்கும் அளவுகளைப் படித்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஒவ்வொரு பெற்றோரும் அதைச் செய்ய வேண்டும்.

பொட்டலத்தில் மீதமுள்ள இரண்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொட்டாசியம், மலத்தில் இழந்ததை ஈடுசெய்கிறது. சிட்ரேட், உடலில் பைகார்பனேட்டாக மாறி இரத்தத்தின் அமிலத்தன்மையைச் சரிசெய்கிறது; முன்பு நேரடியாகச் சேர்த்த பைகார்பனேட் ஈரப்பதத்தில் குளுக்கோஸோடு வினைபுரிந்து பொட்டலத்தைக் கெடுத்ததால் அதன் இடத்தில் இது வந்தது.

புரதத்தின் அமினோ அமில வரிசையை முடிவு செய்வது டிஎன்ஏ. எஸ்ஜிஎல்டி1இன் சங்கிலியில் 664 அமினோ அமிலங்கள் உள்ளன. பிறந்து தாய்ப்பால் குடிக்கத் தொடங்கிய உடனே கடும் வயிற்றுப்போக்குக்கு ஆளாகும் அரிய மரபுக் குறைபாடு ஒன்றில், 28ஆம் இடத்திலுள்ள அஸ்பார்டிக் அமிலம் அஸ்பரஜினாக மாறியிருந்தது 1991இல் கண்டறியப்பட்டது. ஜீனில் ஒரே ஒரு நைட்ரஜன் காரம், குவானின் இடத்தில் அடினின், மாறியிருந்தது. அதுவே கடத்தலை நிறுத்தப் போதுமானதாக இருந்தது. தாய்ப்பாலின் லாக்டோஸ், குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைகிறது. இரண்டுக்கும் இதே கடத்திதான். இக்குழந்தைகளுக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ்.ஸும் தீங்கே செய்யும். ஃப்ரக்டோஸுக்கு வேறு கடத்தி இருப்பதால், ஃப்ரக்டோஸ் கொண்ட பால்மாவில் அவர்கள் நன்றாக வளர்கிறார்கள். எஸ்ஜிஎல்டி2 என்ற நெருங்கிய உறவுள்ள புரதம் சிறுநீரகத்தில் இருந்துகொண்டு, ஒரு நாளில் வடிகட்டப்படும் ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸின் பெரும்பகுதியை மீட்கிறது. இன்று நீரிழிவு நோயாளிகள் பலர் உட்கொள்ளும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் அதைத் தடுத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் போகவிடுகின்றன.

குளுக்கோஸின் இடத்தில் அரிசி மாவை வைத்த கரைசல்களும் நன்றாகவே வேலை செய்கின்றன. மாவுச்சத்து, நூற்றுக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. ஆனால் சவ்வூடு பரவலின் கணக்கில் அது ஒரே ஒரு துகள்தான். கணைய நீரிலுள்ள நொதி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்க, விடுபடும் குளுக்கோஸைக் கடத்திகள் உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால் குடலில் செறிவு ஏறாது. வயிற்றுப்போக்குக்கு நம் வீடுகளில் உப்பிட்ட அரிசிக் கஞ்சி கொடுக்கும் வழக்கத்தில் இதே வேதியியல் இருக்கிறது. உப்பின் அளவு சரியாக அமைய வேண்டும் என்பது மட்டுமே கவனிக்க வேண்டியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நொதியால் எளிதில் செரிக்கப்படாத மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, மல இழப்பும் நோயின் கால அளவும் குறைவதை 2000இல் வெளியிட்டார்கள். சிறுகுடலில் தப்பிய அந்த மாவுச்சத்தைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றைப் பெருங்குடலின் செல்கள் உறிஞ்சும்போது சோடியமும் உள்ளே போகிறது, அதன் பின்னே நீரும் போகிறது.